சைலன்சரைக் கழற்றும் முன் மூணு கேள்வி

(நம் இதழின் ஒலிப் பகுதிக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாசம் நாம பேசப்போறது பைக் பத்தி. குறிப்பா, ஷோரூம்ல இருந்து வந்த பைக்கை "இன்னும் கொஞ்சம் பிக்அப் வேணும், சவுண்டு கெத்தா இருக்கணும்" என்று மாத்துறது பத்தி. சைலன்சர் மாத்துறது, ஏர் ஃபில்டரைத் திறந்து விடுறது, ஈசியூவில் வேற மேப் ஏத்துறது, போரைப் பெரிசு பண்றது எல்லாமே இதுக்குள்ள வரும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆசையைத் திட்டறதுக்காக நான் பேச வரல. பைக் மேல ஆசை இருக்கிறவங்கதான் இன்ஜின் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கறாங்க. அதனால "செய்யாதீங்க" என்று ஒரே வரியில் முடிக்காம, மெக்கானிக் கையில் ஸ்பேனரைக் கொடுக்கும் முன் நீங்களே உங்களைக் கேட்க வேண்டிய மூணு கேள்வியை எடுத்துக்கலாம். இதனால நிஜமாவே வண்டி வேகமாகுமா? சட்டம் இதை அனுமதிக்குதா? நாளைக்கு ஒரு விபத்து நடந்தா பணம் யார் கையிலிருந்து போகும்?

சத்தம் கூடினா வேகம் கூடுமா?

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அமுக்கி, எரிச்சு, புகையை வெளியே தள்ளுது. புகை வெளியேறும் வழியில்தான் பெண்ட் பைப்பும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், சைலன்சரும் இருக்கு. இந்த வழியைச் சுலபமாக்கினா இன்ஜினுக்கு மூச்சு வாங்கறது சுலபம், அதனால பவர் கூடும். இதுதான் கடையில் சொல்ற கணக்கு. இந்தக் கணக்குல பாதி உண்மை.

மீதிப் பாதியையும் பார்ப்போம். எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கும்போது ஒரு அழுத்த அலை பைப் வழியா ஓடுது. பைப் அகலமாகிற இடத்தில் அந்த அலை திரும்பி வால்வை நோக்கி வருது. அது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தா, சிலிண்டரில் மிச்சம் இருக்கிற புகையை உறிஞ்சி எடுத்து, புதுக் காற்று உள்ளே வர உதவும். "சரியான நேரம்" எது என்பதை பைப்பின் நீளமும் விட்டமும் முடிவு செய்யுது. நம்ம ஊர் 150, 160 சிசி வண்டிகளை, சிக்னல்ல நின்னு கிளம்பி, பின்னாடி ஆள் உட்கார்ந்து, மேம்பாலம் ஏறுற மாதிரி ஓட்டத்தையும் மனசுல வெச்சுத்தான் கம்பெனி வடிவமைக்குது. குட்டையா, அகலமா ஒரு பைப் போட்டா அந்த அலையின் நேரம் மாறிடும். மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் லாபம் வரலாம். ஆனா நாம தினமும் ஓட்டுற கீழ், நடு ஆர்பிஎம்மில் இழுவை குறையும்.

அப்போ ஏன் வண்டி வேகமா போற மாதிரி தோணுது? சத்தம்தான் காரணம். காதுக்குப் பக்கத்துல இன்ஜின் உறுமும்போது ஆக்சிலரேட்டரையும் கூடவே முறுக்குறோம். மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டைனோவில் ஏத்திப் பார்க்காம "மூணு எச்பி ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னா, "ரீடிங் காட்டுங்க அண்ணா" என்று மரியாதையாக் கேளுங்க.

ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சர்ல "பட் பட்" என்று வெடிக்கிற சத்தம் சிலருக்கு ரொம்பப் பிடிக்கும். பல நேரங்களில் அது ஒரு நோய்க்குறி. எரியாத பெட்ரோல் பைப்புக்குள்ள போய் எரியுது, இல்லைன்னா ஜாயின்ட் வழியா காற்று உள்ளே புகுதுன்னு அர்த்தம்.

காற்று, பெட்ரோல், சூடு

ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இதைவிடக் குறைவான காற்று போதும். ஏர் ஃபில்டரைத் திறந்து விட்டு, சைலன்சரையும் காலியாக்கினா காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில் நிக்கும். கலவை மெலிஞ்சு போகும். மெலிஞ்ச கலவையில் இன்ஜின் சூடு ஏறும், நாக்கிங் வரும். கவனிக்காம ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வோ பிஸ்டனோ அடிபடும். பழைய கார்ப்ரேட்டர் வண்டியில் இதைச் சரிக்கட்ட ஜெட் மாத்துவாங்க. அதுக்கு அனுபவம் உள்ள கை வேணும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 வண்டிகளின் கதையே வேற. அதுல ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடிச்சு ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூ பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும். இந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. சென்சாரைக் கழற்றி டம்மி மாட்டினா ஈசியூவுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி. மீட்டர்ல இன்ஜின் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கலாம். நாளைக்கு உண்மையான கோளாறு வந்தாலும் அதே லைட்தான் எரியும், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சிலர் "அடைச்சுக்கிட்டு நிக்கிற குப்பை" என்று சொல்லிக் கழற்றுவாங்க. அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கு. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு இந்த மூணையும் குறைக்கிறது அதுதான். அதைக் கழற்றின வண்டிக்குப் பின்னாடி சிக்னல்ல நிக்கிறவர் அந்தப் புகையை அப்படியே மூச்சுல வாங்கறார். இன்னொரு விஷயம், அதுக்குப் பழைய இரும்புக் கடையிலும் நல்ல மதிப்பு உண்டு. "பழசை இங்கேயே விட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னா கொஞ்சம் யோசிங்க.

போர் பெரிசு பண்றது

இது சைலன்சரைவிடப் பெரிய வேலை. ஒரு கணக்கு போடுவோம். போர் 57 மி.மீ., ஸ்ட்ரோக் 58.7 மி.மீ. இருக்கிற இன்ஜின் சுமார் 149.8 சிசி. அதே இன்ஜினில் 62 மி.மீ. பிஸ்டன் போட்டா சுமார் 177 சிசி ஆயிடும். ஆர்சி புக்ல 149 என்றுதான் இருக்கும், ரோட்டுல ஓடுறது 177. தேய்ஞ்ச போரைச் சரி செய்ய, கம்பெனி அனுமதிக்கிற அளவுக்குள் ஓவர்சைஸ் பிஸ்டன் போடறது பழுது பார்ப்பு. அதையும் இதையும் குழப்பிக்க வேண்டாம்.

பவர் கூடினாலும் பிரேக், டயர், சஸ்பென்ஷன், சேஸிஸ் எல்லாம் பழசுதான். 60 கி.மீ. வேகத்தில் போற வண்டியை நிறுத்தத் தேவையான ஆற்றலைவிட, 80-ல் போறதை நிறுத்த சுமார் 1.8 மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்கணும். வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது, ஆனா பிரேக்குக்கு வேலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. ரெவ் லிமிட்டரைத் தூக்கிவிடறதும் இப்படித்தான். ஒரு அளவுக்கு மேல வால்வ் ஸ்பிரிங்கால ஈடு கொடுக்க முடியாது. வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிட்டா இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. இன்ஜினையே மாற்ற வேண்டி வந்தால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. எரிவாயு, பேட்டரி போன்ற அங்கீகரிக்கப்பட்ட மாற்றங்களுக்கும், மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப வண்டியை மாற்றி அமைப்பதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "மாற்றம் ஒன்றுக்கு" என்பதைக் கவனிங்க. சைலன்சர் ஒண்ணு, ஏர் ஃபில்டர் ஒண்ணு என்று தனித்தனியா எண்ண இதில் இடம் இருக்கு. 190(2) பிரிவு ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டுவதைப் பற்றியது. முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டு. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் இதில் வருவார். தம்பிக்கோ நண்பருக்கோ வண்டி கொடுக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

சத்தத்துக்கு எண்ணிக்கையிலேயே அளவு இருக்கு. தயாரிப்பு நிலையில் இருசக்கர வாகனங்களுக்கு வைத்த வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்ல. 10 டெசிபல் கூடினா ஒலி ஆற்றல் 10 மடங்கு ஆகுது, காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகக் கேட்கும். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க விதி இருக்கு. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் வரம்பு 45 டெசிபல்தான். ராத்திரி பதினோரு மணிக்கு நீங்க வீடு திரும்பும்போது, அந்தத் தெருவில் ஒரு கைக்குழந்தை அப்போதான் தூங்கியிருக்கலாம்.

இங்க ரெண்டு தவறான நம்பிக்கை இருக்கு. ஒண்ணு, "என்கிட்ட புகைச் சான்று இருக்கே!" என்பது. பெட்ரோல் வண்டிக்கான புகைப் பரிசோதனை ஐட்லிங்கில் புகையை மட்டும்தான் அளக்குது. சத்தத்துக்கும், நீங்க செய்த மாற்றத்துக்கும் அது அனுமதிச் சீட்டு ஆகாது. இன்னொண்ணு, "இதுல ஈ முத்திரை இருக்கு, இன்டர்நேஷனல் அப்ரூவ்டு" என்பது. அது ஐரோப்பிய நடைமுறைக்கான முத்திரை. உங்க மாடலுக்கு இந்திய அங்கீகாரம் இருக்கா என்பதுதான் கேள்வி. இருக்குன்னு விற்பவர் சொன்னா, மாடல் பெயரோட எழுத்துல கேளுங்க.

விபத்து நடந்தா யார் கட்டுவாங்க?

மூணாவது கேள்வி இது. அபராதத்தைப் பத்தி எல்லாரும் பேசறோம், இன்சூரன்ஸைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஆனா பெரிய தொகை இதுலதான் இருக்கு.

பாலிசி என்பது, ஆர்சியில் இருக்கிற அந்த வண்டிக்கு நீங்களும் நிறுவனமும் போட்டுக்கிட்ட ஒப்பந்தம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமே சிசி கணக்கில்தான் பிரியுது. 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். மேலே பார்த்த 177 சிசி வண்டி இரண்டாவது வகையில் வர வேண்டியது. கட்டணம் முதல் வகைக்குத்தான் போயிருக்கும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, உங்க வண்டியின் சேதத்துக்கான தொகையை நிறுவனம் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடுவதும் உண்டு. அந்தத் தொகை சில ஆயிரத்தில் நிக்காது. ஒரு குடும்பத்தின் பல வருஷ வருமானத்தையே அது கேட்கலாம்.

செகண்ட் ஹேண்டு வாங்கறவங்க கவனத்துக்கு

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் உணவு டெலிவரி வேலை பார்க்கிறார். போன வருஷம் ஒரு பழைய பைக் வாங்கினார். நல்ல விலை, நல்ல கண்டிஷன், மேலே பளபளப்பா ஒரு சைலன்சர். "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங், ஃப்ரீயா தர்றேன்" என்று விற்றவர் சொல்லியிருக்கார். மூணாவது வாரம் வாகனச் சோதனையில் மாட்டினார். "நான் மாத்தல சார், இப்படியேதான் வாங்கினேன்" என்று இவர் சொன்னது எடுபடல. சத்தத்தோட வண்டியை ரோட்டுல ஓட்டினது இவர்தானே. ஒரிஜினல் சைலன்சர் எங்கேன்னு பழைய உரிமையாளருக்குப் போன் போட்டா, எடுக்கவே இல்ல. பிஎஸ்-6 வண்டி என்பதால் கன்வெர்ட்டரோட சேர்த்துப் புதுசு வாங்க பல ஆயிரம் ஆச்சு. அது வர்ற வரைக்கும் வண்டி வீட்டில், வேலையும் இல்லை.

அதனால பழைய பைக் வாங்கும்போது இதையெல்லாம் பாருங்க:

• எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு மாடல், எரிபொருள் வகை, இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதிகளைப் பாருங்க.

• ஆர்சியில் இருக்கிற இன்ஜின் எண், சேஸிஸ் எண் ரெண்டையும் வண்டியில் பொறித்த எண்ணோட நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க. சுரண்டின தடம் இருந்தா அங்கேயே நிறுத்திக்குங்க.

• இ-சலான் இணையதளத்தில் நிலுவை அபராதம் இருக்கான்னு பாருங்க.

• சாவியைப் போட்டதும் இன்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னாலும் சந்தேகம்தான்.

• ஒரிஜினல் சைலன்சர், ஏர் ஃபில்டர் பாக்ஸ் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா புதுசு வாங்குற செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க.

• பதிவாகி 15 வருஷத்தை நெருங்குற வண்டின்னா, பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டணும். மாத்தின வண்டிக்கு அங்கே சிக்கல் வரும்.

சட்டத்துக்குள்ளேயே பிக்அப் ஏத்தலாம்

"அப்போ பிக்அப்புக்கு என்னதான் வழி?" என்று கேட்பீங்க. மந்தமா இருக்கிற வண்டியில பல நேரம் குறையறது புது பார்ட்ஸ் இல்ல, ஒழுங்கான சர்வீஸ்தான்.

டயர்ல காற்று குறைஞ்சா வண்டி இழுக்காது. வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் பாருங்க. செயின் ரொம்பத் தளர்ந்தாலும் ரொம்ப இறுகினாலும் பவர் வீணாகும். சரியான தளர்வு எவ்வளவுன்னு வண்டியோட வந்த கையேட்டில் இருக்கு. கிளட்ச் லீவரில் ஃப்ரீ ப்ளே இல்லைன்னா கிளட்ச் பாதி பிடிச்ச மாதிரியே ஓடும், இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டிரம் பிரேக்கை அதிகமா டைட் பண்ணியிருந்தா சக்கரம் சுத்தறதுக்கே கஷ்டப்படும். சென்டர் ஸ்டாண்டு போட்டு கையால சுத்திப் பாருங்க. அடைச்ச ஏர் ஃபில்டர், தேய்ஞ்ச ஸ்பார்க் பிளக், அட்ஜஸ்ட் பண்ணாத டாப்பெட், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, கெட்டுப்போன ஆயில் ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத் திருடும். இதையெல்லாம் ஒரே சர்வீஸில் சரி பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க. பல பேர் சைலன்சர்ல தேடின பிக்அப் இங்கேயே கிடைச்சுடும். மைலேஜும் குறையாது.

வேகம்தான் வேணும்னா

இன்ஜின் டியூனிங் ஒரு கலை, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். அதுக்குன்னு இடம் இருக்கு, அதுவும் நம்ம மாநிலத்திலேயே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளப் பந்தயத் தடம் இருக்கு. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. தேசிய பைக் பந்தயங்கள் இந்த இரண்டு தடங்களிலும் நடந்திருக்கு. அங்கே எதிரே லாரி வராது, குறுக்கே ஆள் ஓடாது, தடத்தின் ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிக்கும். ஓட்டுறவங்க உடம்பு முழுக்கப் பாதுகாப்பு உடை போட்டிருப்பாங்க. பந்தயத்துக்கு டியூன் பண்ணின வண்டியை அவங்க ரோட்டுல ஓட்டிட்டு வர்றதில்ல. வேன்லயோ மினி லாரியிலயோ ஏத்திக்கிட்டு வர்றாங்க. அதே பழக்கம் நமக்கும் வேணும். ரோட்டுக்கு ஒரு வண்டி, தடத்துக்கு ஒரு வண்டி. ரெண்டு வண்டிக்கு வசதி இல்லைன்னா, பயிற்சி முகாம் நடக்கும்போது கலந்துக்கிட்டு ஓட்டக் கத்துக்கலாம். திருப்பத்தில் எங்கே பிரேக் பிடிக்கணும், எங்கே பார்க்கணும் என்பதைச் சரியாக் கத்துக்கிட்டவர், மாத்தாத வண்டியிலேயே மத்தவங்களை முந்தறதை அங்கே பார்க்கலாம்.

ஏற்கெனவே மாத்திட்டவங்களுக்கு

பயப்பட வேண்டாம், சரி பண்ண வழி இருக்கு. கழற்றி வெச்ச ஒரிஜினல் சைலன்சர், ஃபில்டர், சென்சாரைத் திரும்ப மாட்டுங்க. ஈசியூவில் மேப் மாத்தியிருந்தா அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் பழையபடி ஏத்த முடியுமான்னு கேளுங்க. அதுக்கப்புறம் புகைப் பரிசோதனையைப் புதுசா எடுங்க. ஆர்சியில் உள்ள விவரம் எதுவும் மாறியிருந்தா, உங்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. ஆர்சி, இன்சூரன்ஸ், உரிமம், புகைச் சான்று நாலையும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ வெச்சுக்குங்க. சோதனையின்போது அங்கிருந்தே காட்டலாம்.

இன்னைக்கு சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ஆர்சியைத் திறந்து சிசி எவ்வளவுன்னு பாருங்க, இன்ஜின் எண்ணை ஒப்பிடுங்க, பாலிசி முடியுற தேதியைக் குறிச்சு வெச்சுக்குங்க. வீட்டுல தம்பியோ பையனோ பைக் வெச்சிருந்தா, அவங்களையும் பக்கத்துல உட்கார வெச்சுப் பாருங்க. திட்டாம, கூடவே உட்கார்ந்து.

மறக்காம ஹெல்மெட் போடுங்க, பின்னாடி உட்காருறவங்களுக்கும்தான். அடுத்த இதழில் வேறொரு சேவையோட சந்திப்போம்.